ஏழாம் படுக்கையின் நாடித்துடிப்பு

ஐ.சி.யூ.வில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெரிய டாக்டர் திருவேங்கடத்துக்கு நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது, மானிட்டர்தான் சாமி. ஒரு நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பயிற்சி நர்ஸ் பூரணியிடம் எகிறினார்.

"மெஷின் சொல்லாததை உன் கை சொல்லிடுமோ? இனிமே தொட்டா ஃபெயில்!"

மறுநாள் பூரணி ஏழாம் படுக்கையருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றாள். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு, பிரமாதம்! நாடிதான் நூற்றிருபது. ஆள் எதுக்கோ பயந்திருக்கார். தூங்க ஒரு ஊசி போடு."

"அவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோய் அரை மணி நேரமாச்சு சார். போர்வைக்குள்ள ரெண்டு தலையணைதான் இருக்கு."

பூரணி கையை முன்னால் நீட்டினாள். விரலில் மானிட்டரின் கிளிப்.

"பயந்தது நான்தான் சார். ஊசியை எந்தக் கையில போட்டுக்கட்டும்?"