கைக்குட்டையை உருவும் இடம்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் செலஸ்டின் என்றொரு இசைக் குரு இருந்தார். கார்னெட் என்னும் சிறு பித்தளைக் குழல் ஊதுவார். அவருடைய வாத்தியக் குழுவில் மேளம் கற்றுக்கொண்டிருந்தவர் எஸ்ரா. குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை; சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றின் மேல்பக்கத்துப் பருத்திக் காடுகளிலிருந்து தாயோடு பிழைக்க வந்தவர். மேளம் ஒழுங்காகப் பேசினால் வயதை யார் கேட்கப் போகிறார்கள்?

சீடருக்கு எப்போதும் ஒரே கேள்வி.

"வாத்தியாரே, நம்ம இசை எங்க பொறந்துச்சு? ஏதாவது பெரிய மண்டபத்துலயா?"

"சொல்றேன் அண்ணே. மொதல்ல தாளத்தப் பிடிங்க."

மதியமானால் பயிற்சி நடக்கும் இடத்துக்கு எதிரிலிருந்த வீட்டு ஜன்னலில் எஸ்ராவின் தாய் டெலியா நின்று மகனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். பருத்தி பறிக்கையில் ஒரு வரிசையிலிருந்து ஒருத்தி குரலை நீட்டி அழைக்க, அடுத்த வரிசை பதில் குரல் கொடுக்கும். அந்தக் கூவல்தான். மேலே ஏறி, நடுவில் உடைந்து, கீழே இறங்கும். குரு கார்னெட்டை இறக்கிவிட்டுக் கேட்பார். எஸ்ராவுக்கோ மானம் போகும்.

"அம்மா, இது டவுனு. மெதுவா கூப்பிடு."

அவள் மெதுவாகக் கூப்பிடப் பழகினாள். அப்புறம் கையை ஆட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் இறந்தும் போனாள்.

அந்த ஊரில் சாவுக்கு வாத்தியக் குழுதான் முன்னே நடக்கும். இடுகாடு வரை துக்க இசை. மேளத்தின் அடிப்பக்கத்துக் கம்பிகளுக்குள் ஒரு கைக்குட்டையைச் செருகி, சத்தத்தை அமுக்கிவிடுவார்கள். அடக்கம் முடிந்து வெளிவாசலுக்கு வந்ததும் மேளக்காரர் அதை உருவுவார். பிறகு ஆட்டமும் பாட்டமுமாகத்தான் வீடு திரும்ப வேண்டும். எத்தனையோ பட்ட ஜனங்கள். அழுதுகொண்டே திரும்புவதில்லை என்பது அவர்களுடைய வீம்பு.

தாய்க்கு மகனே மேளம் அடித்தார். அடக்கம் முடிந்தது. வாசலில் எஸ்ராவின் விரல் கைக்குட்டையைத் தொட்டது. உருவ முடியவில்லை. தெரு முழுக்க, ஆடும்போது சுழற்றும் குடைகளோடு ஜனங்கள் காத்து நின்றார்கள்.

"வாத்தியாரே, நீங்க எடுத்துடுங்க."

"அது மேளக்காரர் வேல, அண்ணே."

"முடியல. கடைசி வரைக்கும் அம்மாவ வாய் தொறக்க விடாமப் பண்ணிட்டேன்."

குரு கார்னெட்டை உயர்த்தினார். குழலோசை மேலே ஏறி, நடுவில் உடைந்து, கீழே இறங்கியது. டெலியாவின் கூவல் அப்படியே இருந்தது.

கூட்டத்தில் பாதிப் பேர் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்கள். பின்னால் ஒருத்தி தலையை நிமிர்த்திப் பதில் குரல் கொடுத்தாள். அவளைத் தொடர்ந்து பத்துப் பேர். அப்புறம் தெருவே குரல் கொடுத்தது.

எஸ்ரா கைக்குட்டையை உருவினார். மேளம் வாய் திறந்தது. கண்ணீர் வழிய வழிய அடித்தார். அப்படி அவர் அதுவரை அடித்ததே இல்லை. குடைகள் ஆடின. தன் தாயின் குரலுக்கு ஒரு ஊரே ஆடியதைப் பார்த்து அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது.

எஸ்ராவின் வீட்டு வாசலில் குழு நின்றது.

"வாத்தியாரே, இத எப்பக் கத்துக்கிட்டீங்க?"

குரு ஜன்னலைப் பார்த்தார்.

"நம்ம இசை எங்க பொறந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே அண்ணே," என்றார். "அங்கேருந்துதான் தெனமும் மதியம் உங்களச் சாப்பிடக் கூப்பிட்டாங்க."