மான் படுத்த இடம்

"இந்த மலையில எனக்கு இடம் சரிப்படல, தாயே. இறங்கிடறேன்."

மருதையன் மூட்டையுடன் வந்து நின்றார். பேரன் பேத்தி எடுத்தபின் வீட்டை விட்டுத் தியானம் பழக வந்தவர். குரு நல்லாயி அவரைவிட வயதில் இளையவள். சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"குகைக்கு என்ன?"

"வௌவால்."

"சுனைக்கரை?"

"தண்ணிக்கு வர்றவங்க பேச்சு. அத்திமரத்தடியில எறும்பு."

"மூட்டை மட்டும் நல்லாக் கட்ட வருது."

அவர் சிரிக்கவில்லை.

"கண்ணை மூடினா எதுவும் கிட்ட வரக்கூடாது. அப்படி ஒரு இடம் காட்டுங்க. இல்லைன்னா போறேன்."

"மான் எங்க படுக்குதுன்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் போகலாம்."

பார்க்காமல் திரும்புவதில்லை என்று மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

சுனையருகே அடர்ந்த புதர். உள்ளே நல்ல குளிர்ச்சி. இந்தக் கோடைக்கு இங்கேதான் படுக்கும் என்று காத்திருந்தார்.

மான்கள் வந்தன. குடித்தன. புதரைத் திரும்பியும் பார்க்காமல் மேலே ஏறின.

அவரும் ஏறினார். முள் கிழித்தது. பாறை சுட்டது. ஏறினார்.

மேட்டில் ஒற்றை வேலமரம். அரைகுறை நிழல். மான்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சரிவைப் பார்த்துப் படுத்தன.

அவர் திரும்பியபோது வெயில் தாழவில்லை.

"குளிர்ந்த புதரை விட்டுட்டு மொட்டை மேட்டுல போய்ப் படுக்குது, தாயே."

"ஏனாம்?"

"புதருக்குள்ள இருந்தா செந்நாய் வர்றது தெரியாது. மேட்டுல பின்னால வர்றது காத்துல மணக்கும். முன்னால வர்றது கண்ணுல படும்."

"காது?"

"ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"அப்ப ஓய்வே எடுக்கல."

"எடுத்துச்சு. நிதானமா அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு."



"நிழல் நகர்ந்ததும் மலையை விட்டு இறங்கிடுச்சா?"

"இல்ல. எழுந்து கொஞ்சம் தள்ளிப் படுத்துச்சு."

நல்லாயி அடுத்த சுள்ளியை எடுத்தாள்.

மருதையன் மூட்டைக்குப் பக்கத்தில், இருந்த நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

சுள்ளி ஒடிந்தது. கீழே யாரோ குடத்தைப் பாறையில் இடித்துவிட்டுத் திட்டினார்கள். காலில் எறும்பு ஏறியது.

வெயில் மடிக்கு வந்தது.

அவர் எழுந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மூட்டை வெயிலிலேயே கிடந்தது.