நடத்தை: நன்று

தலைமையாசிரியர் அருணகிரி ஆசிரமத்துக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு கைபேசியை அணைப்பார். பிறகு தியான மண்டபத்தில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். பதினொரு வருடமாக இதுதான் நடக்கிறது. அன்று மட்டும் தூங்கவில்லை. நேராகக் குருவிடம் போனார்.

குரு நாச்சியாரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். வாழைத்தண்டு நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அருணகிரியை ஊரே 'சார்' என்று கூப்பிடுவதால் குருவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஒரு சந்தேகம்மா. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பையன் கஞ்சா மிட்டாயோட மாட்டிக்கிட்டான். என்ன செய்யறது?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அருணகிரி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாற்றுச் சான்றிதழ். இசக்கிராஜா, பன்னிரண்டாம் வகுப்பு. கையெழுத்தும் முத்திரையும் போட்டாயிற்று. பையனின் அம்மா மாலை நாலு மணிக்கு அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் சந்தேகம் கேக்க வந்தீங்களா?"

"மனசு உறுத்துதும்மா. பரீட்சைக்கு அம்பது நாள்தான் இருக்கு. இப்ப வெளியே போனா இந்த வருஷம் எழுத முடியாது."

"அது கஞ்சா மிட்டாய்னு எப்படித் தெரிஞ்சுது?"

அருணகிரி நெளிந்தார். "வகுப்புல மிட்டாய் தின்னான்னு பி.டி. மாஸ்டர் பிடுங்கினார். பிடுங்கினவர் ஒண்ணை வாயில போட்டுக்கிட்டார். சாயங்காலம் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறார். இந்தப் பள்ளிக்கூடத்துல ஒழுங்கா அட்டென்ஷன்ல நிக்கிறது இது ஒண்ணுதான்னு ஒரே அழுகை."

குரு குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அவரை என்ன செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மூணு நாள் மெடிக்கல் லீவு. நானே ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன்."

"பையனை?"

"அவனை எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு? அவனுக்குத்தான் பழக்கமாச்சே!"

குரு கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கிப் படித்தார்.

"விலகுவதற்கான காரணம்: பெற்றோர் விருப்பம். விருப்பமா சார்?"

"அந்தம்மா காலையிலேருந்து கேட்ல நின்னு அழுதுக்கிட்டிருக்காங்க."

"நடத்தை: நன்று."

"உண்மையை எழுதினா எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்காதும்மா. எல்லாரும் இப்படித்தான் எழுதறோம். போன வருஷம் பக்கத்து ஊர்லேருந்து ஒருத்தன் 'மிக நன்று' வாங்கிட்டு எங்ககிட்ட வந்தான். இந்த மிட்டாயைக் கொண்டுவந்ததே அவன்தான்."

"பையனை வச்சுக்கக் கூடாதா?"

"ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்மா. மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போயிடும்."

"நியாயம்" என்றார் குரு. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "வடிவு, ஒரு தாளும் பேனாவும் கொண்டா. சாருக்கு டி.சி. எழுதணும்."

"எனக்கா?"

"பதினொரு வருஷமா மண்டபத்துல குறட்டை விடறீங்க. போன வாரம் உங்களைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் தூங்கிட்டாங்க. ஒரு குடம் பால் சார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாமியார் இருக்கார், அங்க போய்ச் சேர்ந்துக்கோங்க. கவலைப்படாதீங்க, நடத்தை நன்றுன்னே போட்டுடறேன்."

தாள் வந்தது. குரு விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அருணகிரி முதலில் நினைத்தார். ஆனால் பேனா அவர் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதர் எங்கே போய்ப் புதிதாகச் சேருவார்?

"இது நியாயமே இல்லைம்மா. தியானம் வரலைன்னுதானே நான் இங்க வர்றேன்? தூங்கறவனை வெளியே தள்ளிட்டா அவன் எங்க போய் முழிச்சுக்குவான்?"

குரு பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி வாழைத்தண்டை எடுத்துக்கொண்டார்.

அருணகிரி இசக்கிராஜாவின் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"பையனை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அந்தம்மாவும் வரட்டும். மிட்டாயைக் கொண்டுவந்த அந்த இன்னொருத்தனையும் கூப்பிட்டுப் பேசணும்." எழுந்தவர் தயங்கி நின்றார். "அப்போ இந்தச் சான்றிதழைக் கிழிச்சுடட்டுமா?"

"எதுக்கு சார்? பத்திரமா வச்சிருங்க. நன்றுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டீங்க. அதை உண்மையாக்கிட்டு அப்புறம் குடுங்க."