மந்திரியைத் தூக்கிப் போட்ட முறம்

வேம்பூர் நாட்டை ஆண்ட அரியநாயகன் நல்ல ராஜாதான். என்ன, கடைசியாகக் காதில் ஓதியவர் யாரோ, அவர் சொன்னதே வேதம் என்பார்! வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த ஊரில் செண்பகவல்லி என்பவள் ஒரு நாடகக் குழு நடத்தினாள். மொத்தமே ஐந்து பேர். ஆனால் போடுவதெல்லாம் அந்தக் காலத்துப் பெரிய பெரிய நாடகங்கள்! இரண்டு பேர் நீலப் புடவையைப் பிடித்து ஆட்டினால் அது கடல். தலைப்பாகையைத் திருப்பி வைத்துக்கொண்டால் எதிரி நாட்டு ராஜா. பேச்சிமுத்து என்ற தடியன் காதருகே இரண்டு முறத்தை ஆட்டிக்கொண்டு வந்தால் யானை. அந்த யானை பிளிறினால் முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து ஓடுவார்கள். அரசவை விகடகவி சாத்தப்பனுக்கு இந்தக் குழு என்றால் உயிர். எந்த நாடகத்துக்கும் முதல் ஆளாய்ப் போய் உட்காருவான்.

மந்திரி விடங்கருக்கு இது பொறுக்கவில்லை. அவரும் ஒரு நாடகம் போட்டார். முந்நூறு நடிகர்கள், நிஜக் குதிரைகள்! மேடையில் இருந்த கூட்டத்தில் பாதிகூடக் கீழே இல்லை. குதிரைகளே கொட்டாவி விட்டன.

அவர் நேராக ராஜாவிடம் போனார். "மகாராஜா, பழைய நாடகங்களை இப்படி முறத்திலும் புடவையிலும் அடக்குவது நம் முன்னோர்களுக்கே அவமானம்!"

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பௌர்ணமியன்று அரண்மனைக் குளக்கரையில் 'பொல்லாத மந்திரி' நாடகம் நடக்கட்டும். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஐந்து பேரும் நாட்டைவிட்டே போக வேண்டியதுதான்!"

செண்பகவல்லி சாத்தப்பனிடம் வந்து அழுதாள். "அண்ணே, ஆளுக்கு ஒரு வேளைச் சோறு போடவே திணறுகிறோம். அந்த நாடகத்தில் வரும் யானைக்கு எங்கே போவோம்?"

"அழாதே தாயி, வழி இருக்கு," என்றான் சாத்தப்பன்.

மறுநாள் சபையில் கேட்டான். "மகாராஜா, எல்லாமே நிஜமாக இருக்க வேண்டுமா?"

"எல்லாமே!"

"மந்திரி ஐயாவுக்கும் சம்மதம்தானே?"

"எள்ளளவும் குறையக் கூடாது," என்றார் விடங்கர், மீசையை முறுக்கிக்கொண்டு.

"அப்படியானால் பட்டத்து யானையைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள்."

ராஜா சரியென்றார்.

பௌர்ணமி வந்தது. ஊரே திரண்டது. நாடகம் கடைசிக் காட்சிக்கு வந்தது. பொல்லாத மந்திரியை யானை தூக்கிச் சுழற்றிக் குளத்தில் வீசும் காட்சி. பட்டத்து யானை ஆடி அசைந்து வந்து நின்றது. உடனே சாத்தப்பன் எழுந்தான்.

"நிறுத்துங்கள்! மகாராஜா, இங்கே மந்திரி வேஷம் போட்டிருப்பவன் நிஜ மந்திரி இல்லை. எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது கட்டளை. இந்த ஊரில் இருப்பதோ ஒரே ஒரு மந்திரி. விடங்கர் ஐயா, கொஞ்சம் மேடைக்கு வருகிறீர்களா?"

யானை தும்பிக்கையை நீட்டியது. விடங்கர் நடுநடுங்கி அலறினார்.

"ஐயையோ! இது நாடகம்தானே சாத்தப்பா? மந்திரி மாதிரி ஒருவன் நடித்தால் போதாதா?"

"யானை மாதிரி ஒருவன் நடித்தால்?"

"அதுவும் போதும்! தாராளமாகப் போதும்! இரண்டு முறமே போதும்! முதலில் இந்த நிஜத்தை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், மகாராஜா!"

ராஜா கைகாட்டினார். பட்டத்து யானை போனது. விடங்கர் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த நேரம் பார்த்து, தன் முறை வந்துவிட்டது என்று பேச்சிமுத்து முறங்களை விசிறிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு பிளிறு பிளிறினான் பாருங்கள்!

தொபுக்கடீர்!

தலையில் பாசியோடு எழுந்த மந்திரியைப் பார்த்து ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழு ஊரிலேயே இருக்கலாம் என்றார். பேச்சிமுத்துவுக்கு இரண்டு வெள்ளி முறம் பரிசு. "இருந்தாலும் சாத்தப்பா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முற யானை நிஜ யானை மாதிரி வருமா?"

சாத்தப்பன் கைகட்டிச் சொன்னான்: "எப்படி வரும் மகாராஜா? நிஜ யானைக்கு மந்திரி ஐயா நடுங்க மட்டும்தானே செய்தார்!"