மல்லி அரைத்த நாள் சேலை

கேள்வி கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டு வந்துவிடுவார்கள். அதற்கு ஒரு தலையாட்டு கிடைத்தால் போதும், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மரகதமும் அன்றைக்கு அப்படித்தான் வந்தாள்.

தாராபுரத்துக்கு வெளியே வாய்க்கால் ஓரமாக ஒரு சின்ன மடம். ஓட்டுக் கூரை, ஒரு புங்கமரம், ஒரு குழாய், அவ்வளவுதான் சொத்து. அங்கே இருந்தவள் பெயர் சிவகாமி. மடத்தம்மா என்றதும் நரைத்த தலையையும் நடுங்கும் கையையும் நினைக்க வேண்டாம். மரகதத்துக்கு என்ன வயதோ அதே வயதுதான் அவளுக்கும். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் ஒருத்தி மடத்துக்குப் போனாள், இன்னொருத்தி மசாலா மில் வைத்தாள். ஊரோடு ஒத்து வாழ் என்பதற்காக மரகதமும் பழைய 'வாடி போடி'யை விட்டுவிட்டு 'நீங்க வாங்க' என்று பழகிக்கொண்டாள். தன்னை சிஷ்யை என்றுதான் சொல்லிக்கொள்வாள்.

சிவகாமி முறத்தில் புளியைப் பரப்பிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மரகதம் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆதிரையைப் பழனில எங்கக்கா வூட்டுல கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கறனுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"மில்லு ஒரு நெலைக்கு வர்ற வரைக்கும்."

"அதுக்கு இங்க எதுக்கு வந்தே?"

"நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

சிவகாமி ஒரு கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டாள். "ஏன் அனுப்பறே, அதைச் சொல்லு."

சொல்வதற்கு நிறைய இருந்தது. மரகதத்தின் புருஷன் லாரி ஓட்டுகிறவன். குஜராத்துக்கும் அஸ்ஸாமுக்கும் போய்விட்டு, மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் தலைகாட்டுவான். மில்லை அவள் ஒண்டியாகத்தான் தூக்கி நிறுத்தினாள். முதலில் ஒரு மிஷின், ஒரு வாணலி. இப்போது ஏழெட்டுப் பெண்கள் அவளை நம்பி வேலை செய்கிறார்கள், கோயம்புத்தூர் ஓட்டல்களுக்குப் பொடி போகிறது. அவளுக்கு அந்த மில்லைப் பிடிக்கும். காலையில் முதல் ஈடு மல்லி வறுபடும்போது வருகிற மணத்துக்கு அவள் நெஞ்சு நிறைந்துபோகும். அதை வெளியே சொன்னால் பிள்ளையை விட வேலைதான் பெரிது என்று பேசுவார்களோ என்று சொல்லாமலே வைத்திருந்தாள்.

ஆதிரைக்கு மூன்று வயது. அவள் எழுவதற்கு முன்பே மில்லில் வாணலி சூடாகிவிடும். பகலெல்லாம் அடுத்த வீட்டுத் துளசிமணி வந்து பார்த்துக்கொள்வாள். மரகதம் திரும்பி வந்தாலும் நேராகப் பிள்ளையிடம் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆதிரை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், மில்லிலிருந்து ஆசையாக ஓடிவந்து, கையை ஏனோதானோ என்று கழுவிவிட்டுப் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். மிளகாய்க் காரம் ஒரு சோப்புக்கு அடங்குமா? பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் வீறிட்டது. அந்த அழுகை இன்னும் மரகதத்தின் காதில் இருக்கிறது.

அன்று முதல் ஒரு சட்டம் போட்டாள். மில் சேலை பின்கட்டுக் குளியலறையைத் தாண்டி வரக் கூடாது. அங்கேயே அவிழ்த்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, கைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலை முழுகி, வேறு சேலை கட்டிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவாள். இத்தனையும் முடித்து அவள் வருவதற்குள் ஆதிரை தூங்கியிருப்பாள்.

"ஞாயித்துக்கெழமை மடியில உக்கார வெச்சா, கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மடியில உக்காந்த மாதிரி வெறைச்சுட்டு உக்காந்திருக்கறா," என்றாள் மரகதம். "எப்ப எறக்கி விடுவாங்கன்னு பாக்கறா. துளசிமணி கதவைத் தொறந்தா ஓடறா. எனக்கு வயிறு எரியுதுங்க."

சிவகாமி அடுத்த புளியைப் பிய்த்தாள்.

"மில்லுக்காரியும் அம்மாவும் ஒரே ஒடம்புல இருக்க முடியலீங்க. ரெண்டுல ஒருத்தி போகோணும். மில்லுக்காரி போனா ஏழெட்டுக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். அம்மா போனா யாருக்கும் நட்டமில்ல. அவளுக்குத்தான் நான் தேவைப்படலையே."

"அவ சொன்னாளா?"

"சொல்லோணுமாக்கும்?"

சிவகாமி முறத்தைக் கீழே வைத்தாள். "சரி. பழனிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி ஒரு வேலை செய். உன் மக கேட்ட பொருள் எதையாவது எனக்குக் கொண்டுவந்து காட்டு. அப்புறம் சொல்றேன்."

இது என்ன பெரிய காரியம் என்று மரகதம் போனாள். மறுநாளே ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். பாட்டுப் பாடும் பொம்மை, சாவி கொடுத்தால் ஓடும் ரயில், வெல்வெட் கரடி.

சிவகாமி கரடியின் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "இதை அவ கேட்டாளா?"

"நான் வாங்கினது."

"இந்த ரயிலு?"

"அதுவும் நான்தான்."

"நீ குடுத்ததைக் கேக்கலை அம்மணி. அவ கேட்டதைக் கேட்டேன்."

மரகதம் யோசித்துப் பார்த்தாள். பிள்ளை தன்னிடம் எதைக் கேட்டது? தண்ணீர் வேண்டுமென்றால் துளசிமணியிடம் கேட்கிறது. முறுக்கு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் கேட்கிறது. தூக்கத்தில் இருக்கும் பிள்ளை என்னத்தைக் கேட்கும்? யோசிக்க யோசிக்க அழுகை முட்டியது. அழ வெட்கமாக இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது.

"உனக்கென்னடி! பிள்ளையா குட்டியா? மரத்தடியில உக்காந்து கொட்டை எடுத்துட்டு, கேள்வி மட்டும் கேளு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவகாமி வாய்விட்டுச் சிரித்தாள். "எத்தனை வருசமாச்சு இப்படிக் கேட்டு! வாஸ்தவம்தான், எனக்குப் பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. அதனாலதான் பதில் என்கிட்ட இல்ல. போய்க் கேட்டுட்டு வா."

"யாருகிட்ட?"

"மில்லு நடக்கற நாள்ல பகல்ல வூட்டுக்குப் போயிருக்கியா?"

மரகதம் போனதில்லை. வேலை நாளில் பகலில் தன் வீடு எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

மில்லில் ஒரு நாள் மல்லி, ஒரு நாள் மிளகாய் என்று அரைப்பார்கள்; அடுத்த நாள் மிளகாயின் முறை. காலையிலிருந்து எல்லோரும் தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வேலை பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தினதும் மரகதம் செருப்பை மாட்டினாள். "எங்க போறீங்க அக்கா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்தாள். மிளகாய்ச் சேலையோடு முன்வாசல் வழியாகப் போகக் கூடாது என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. குளியலறைக்கு வெளியே, நிழலில், அழுக்குக் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நேற்று அவள் அவிழ்த்துப் போட்ட பச்சைச் சேலை தரையில் குவிந்திருந்தது. அந்தக் குவியலுக்குள் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். சேலையின் ஒரு முனையைச் சுருட்டி மூக்கோடு வைத்திருந்தாள். மறுமுனை காலிடுக்கில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துளசிமணி பதறி எழுந்து நின்றாள்.

"அக்கா, திட்டாதீங்க. மொளகா அரைச்ச நாள் சேலைய நான் உடனே ஊற வெச்சிருவனுங்க, அதைத் தொட உடமாட்டனுங்க. மல்லி அரைச்ச நாள் சேலை மட்டுந்தானுங்க. நல்லா ஒதறிட்டுத்தான் குடுப்பனுங்க."

"எதுக்குக் குடுத்தே?" என்றாள் மரகதம்.

"கேக்குதுங்களே. தூக்கம் வந்தா 'அம்மா குடு, அம்மா குடு'ன்னு ஒரே அழுகைங்க. மொதல்ல எனக்குப் புரியலீங்க. போன் போட்டுக் குடுக்கறன்னேன், வேண்டாம்னுருச்சு. உங்க போட்டோவக் காமிச்சேன், தள்ளி உட்டுருச்சு. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து இந்தக் கூடையக் காமிக்குதுங்க."

"எத்தனை நாளா?"

"பேச ஆரம்பிச்சதுலருந்துங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவீங்கன்னு, நீங்க வர்றதுக்குள்ள எடுத்துக் கூடையில போட்டுருவனுங்க."

மரகதம் அப்படியே நின்றாள். பிள்ளை எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. நெற்றியில் வேர்வை, அதில் இரண்டு முடி ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று அவள் கை துடித்தது. கையெல்லாம் மிளகாய். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளை மூச்சை இழுக்கும்போதெல்லாம் சேலை முனை மூக்கோடு ஒட்டிப் பிரிந்தது. இந்தப் பிள்ளைக்குத் தான் வேண்டாதவள் என்று எத்தனை இரவு நினைத்திருப்பாள்! இப்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தச் சேலையாக அங்கே கிடக்க வேண்டும்.

ஆதிரை புரண்டு படுத்தாள். எழுந்துவிடுவாளோ என்று மரகதம் பின்வாங்கினாள். எழுந்து கை நீட்டினால் தூக்க முடியாதே. அந்தப் பயத்திலேயே வெளியே வந்துவிட்டாள்.

மில்லுக்குத் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. கால் மடத்துக்குப் போயிற்று.

சிவகாமி மரத்தடியில் தனியாக இருந்தாள். மிளகாய் நெடி முதலில் வந்தது, மரகதம் பிறகு வந்தாள். சிவகாமி இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "உக்காரு," என்றாள்.

மரகதம் உட்காரவில்லை.

"கொண்டாந்தியா?"

"இல்லீங்க."

"அவ என்ன கேட்டான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எடுத்துட்டு வர முடியலீங்க. அது மேல படுத்துத் தூங்கிட்டிருக்கறா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணைத் துடைக்கக் கை போயிற்று. சிவகாமி சட்டென்று எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நான் மட்டுந்தான் எங்கயோ இருந்துட்டு அவளை நெனச்சு ஏங்கறேன்னு இருந்தனுங்க," என்றாள் மரகதம். "அவளும் அங்க என்னைத் தேடிட்டுத்தான் இருந்திருக்கறா."

வாய்க்காலில் யாரோ மாடு கழுவுகிற சத்தம் கேட்டது. சிவகாமி குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துவந்து நீட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் மரகதம். "பழனிக்கு அனுப்பட்டுமா, வேண்டாமா?"

"தாராளமா அனுப்பு."

மரகதம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது இது இல்லை.

"உங்கக்கா நல்லாத்தான் பாத்துக்குவாங்க," என்றாள் சிவகாமி. "ஒண்ணே ஒண்ணு. போற அன்னைக்கு அந்தப் பச்சைச் சேலையை எடுத்து நல்லா சோப்புப் போட்டு அலசு. ரெண்டு தண்ணி, மூணு தண்ணி விடு. வெயில்ல காயப் போட்டு, மல்லி வாசம் கொஞ்சமும் இல்லாம மடிச்சு அவ பையில வெச்சு அனுப்பு."

"அய்யோ, வேண்டாங்க."

"ஏன்? சுத்தமான சேலைதானே?"

"அவ தேடுவாளே!"

"யாரைத் தேடுவா?" என்றாள் சிவகாமி. "மில்லுக்காரியையா, அம்மாவையா?"

மரகதம் குனிந்து, தான் கட்டியிருந்த மில் சேலையின் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.