கிணறில்லாத பலகை

வீரகண்ட ராஜாவுக்குப் போர் என்றால் உயிர். ஆனால் அவர் ஆடுவதெல்லாம் மணல் பரப்பிய பலகையில், காய்களை வைத்துத்தான்.

மணல் பரப்பும் பழைய படைவீரன் மாசாணனிடம், "ஒரு பாலைவனம் செய். ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கணும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் உன் தலை போகும்!" என்றார்.

செய்து வைத்தான். ராஜாவும் தளபதியும் ஆடினார்கள். மூன்று நகர்வுக்குள் கிணற்றை அடையாத காய் செத்தது என்பது ராஜா போட்ட விதி. நான்காம் நகர்வில் பலகையில் ஒரு காய்கூட இல்லை.

"கிணறு எங்கேடா?"

"போன சித்திரையில நீங்க எங்களைச் சண்டைக்கு அனுப்பின பாலைவனம் சாமி இது. அங்கேயும் கிணறு இல்லை. ரெண்டு பக்கமும் சரிசமமாத்தான் செத்தாங்க."

"வெட்டுடா இவனை!"

வாளோடு நின்ற காவலன் அசையவில்லை. அவன் அண்ணனும் அந்த மணலில்தான் கிடந்தான்.