ஆயிரம் வருஷத்துச் சுவரைக் கட்டிய நாற்பது வயது ராஜா

வெண்கோட்டை ராஜா மகுடவர்மனுக்கு ஒரே ஒரு குறை. ஊர் முழுக்கக் கோயிலும் குளமும் கோபுரமுமாக நிறைந்து கிடந்தன. அதில் ஒன்றைக்கூட அவர் கட்டவில்லை. எல்லாவற்றையும் முன்னோர்களே கட்டி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கென்று ஒரு செங்கல் வைக்க இடம் விட்டார்களா, பாவிகள்!

கட்டுவதற்குக் காசு வேண்டும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். ஆணை போடுவதற்கு வாய் இருந்தால் போதும். மந்திரி நாகலிங்கர் யோசனை சொன்னார், ராஜா தண்டோரா போட்டார்.

"வெளியூர்க்காரர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இனி எதைக் காட்டினாலும், செய்தவர் மகுடவர்ம மகாராஜா என்றே சொல்ல வேண்டும். வேறு பெயர் சொன்னவர் யாராக இருந்தாலும், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம்!"

'யாராக இருந்தாலும்' என்பதை மந்திரிதான் சேர்த்தார். அவ்வளவு கண்டிப்பான மனிதர்.

முதலில் மாட்டியவன் பேச்சிமுத்து. ஊர் சுற்றிக் காட்டுவதே அவன் பிழைப்பு. "இந்தப் பெரிய குளத்தை வெட்டியது யாரப்பா?" என்று யாத்ரீகர்கள் கேட்க, பழக்க தோஷத்தில், "மோர் விற்ற பொன்னாச்சி" என்று உண்மையை உளறிவிட்டான். அன்றே சிறை. மறுநாள் சாயங்காலம் கழுதை.

பேச்சிமுத்துவின் அக்காள் சொர்ணம். அவள் புருஷன் அம்பலவாணன், அரசவையில் வாயால் பிழைக்கிறவன்.

"இந்தாங்க! அரண்மனையில எல்லாரையும் சிரிக்க வைக்கிறீங்களாம். நாளைக்கு என் தம்பியைப் பார்த்து ஊரே சிரிக்கப் போகுது. அவன் கழுதை ஏறினா, நீங்க இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்!"

அம்பலவாணன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மச்சினன் மானமும் போகும், தன் சோறும் போகும்.

மறுநாள் காலை கடம்பநாட்டு ராஜா வீரகேது ஊர் பார்க்க வந்து இறங்கினார். ஆள் நல்ல பலசாலி. மூளைக்கு அவ்வளவாக வேலை வைப்பதில்லை. எதைச் சொன்னாலும் நம்புவார். நம்பிய கையோடு வாளை உருவுவார். பின்னால் ஒரு படையும் வந்திருந்தது. ஊர் காட்டுகிறவர்கள் எல்லாரும் கழுதைக்குப் பயந்து ஒளிந்துகொண்டார்கள்.

"நான் காட்டுகிறேன், மகாராஜா" என்று முன்னே வந்தான் அம்பலவாணன்.

தேரில் விருந்தாளிக்குப் பக்கத்திலேயே மகுடவர்மன் ஏறி உட்கார்ந்தார். தன் புகழைத் தான் கேட்காமல் வேறு யார் கேட்பது? மந்திரி குதிரையில் பின்தொடர்ந்தார்.

"இந்தக் கோட்டைச் சுவர் ஆயிரம் வருஷத்துப் பழசு. கட்டியவர் எங்கள் மன்னர்."

வீரகேது வாயைப் பிளந்தார். "இவருக்கு நாற்பது வயசுதானே இருக்கும்?"

"பார்த்தால் தெரியாது, அரசே. உடம்பை அப்படிப் பேணுகிறார்."

மகுடவர்மன் மீசையை முறுக்கினார்.

"அந்த மலை?"

"போன மழைக்காலத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்."

"ஆகா! இது என்ன நாற்றம்?"

"சாக்கடை. அதுவும் மன்னர் கைங்கரியம்தான்."

ராஜாவின் கை மீசையைவிட்டு இறங்கியது. மந்திரி பல்லைக் கடித்தார். ஆணைப்படிதானே பேசுகிறான், என்ன செய்வது?

"இத்தனையும் செய்தால் இவர் எப்போதுதான் தூங்குவார்?" என்று கேட்டார் வீரகேது.

"சபையில் தூங்குவார், அரசே."

தேர் தெற்கு வாசலில் நின்றது. அங்கே தூணில் ஒரு சிற்பம். கிரீடம் வைத்த ஒருவர் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் கடம்பநாட்டுக் கொடி. முகத்தில் மூக்கு மட்டும் இல்லை.

வீரகேது உற்றுப் பார்த்தார். "இவர் என் கொள்ளுப்பாட்டனார் ஆயிற்றே! எங்கள் அரண்மனைப் படத்திலும் மூக்கில்லாமல்தான் இருக்கிறார். யார் அறுத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீ சொல்!"

அம்பலவாணன் பணிவாகக் கும்பிட்டான். "இந்த ஊரில் எதைச் செய்தாலும் எங்கள் மன்னர்தான் செய்வார்."

வீரகேதுவின் வாள் உறையைவிட்டு வெளியே வந்தது. பின்னால் படையும் வேல்களைத் தூக்கியது.

"ஐயையோ! நான் இல்லை!" என்று அலறினார் மகுடவர்மன். "நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி! நான் அப்போது பிறக்கவே இல்லை!"

"ஆயிரம் வருஷத்துச் சுவரைக் கட்டியவருக்கு நூறு வருஷத்து மூக்கை அறுப்பதா கஷ்டம்?" என்று உறுமினார் வீரகேது.

"நான் சுவரே கட்டவில்லை! கட்டியது சோமவர்மன்! குளம் வெட்டியது மோர்க்காரி பொன்னாச்சி! மூக்கை அறுத்தது என் கொள்ளுத்தாத்தா! மலையை யாரும் வைக்கவில்லை, அது தானாக இருக்கிறது! சத்தியம்!"

வீரகேது யோசித்தார். அவருக்கு அது கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிறகு வாளை உறையில் போட்டார்.

"மகாராஜா," என்றான் அம்பலவாணன் மெதுவாக, "இப்போது தங்கள் வாயிலிருந்து வேறு பெயர்கள் வந்துவிட்டன. 'யாராக இருந்தாலும்' என்று ஆணை. பேச்சிமுத்துவுக்காகக் கொண்டுவந்த கழுதை ஒன்றுதான் இருக்கிறது. தாங்கள் முன்னால் உட்காருகிறீர்களா, அவன் உட்காரட்டுமா?"

வீரகேது தேர் குலுங்கச் சிரித்தார். மகுடவர்மனும் அசடு வழியச் சிரித்தார். உயிர் மிஞ்சியதே பெரிய விஷயம்.

"பேச்சிமுத்துவை விடுங்கள்! ஆணை ரத்து! இனி யார் எதைச் செய்தார்களோ அவர்கள் பெயரையே சொல்லலாம்!" என்று சொல்லி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார்.

வீரகேதுவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "இப்படி ஒரு அற்புதமான ஆணையை யோசித்தது யார்?"

"மந்திரி நாகலிங்கர், அரசே" என்றான் அம்பலவாணன் உடனே. "முழுப் பெருமையும் அவருக்கே."

மந்திரி குதிரையைத் திருப்பப் பார்த்தார். "வந்த கழுதை வீணாகக் கூடாது, இவரை ஏற்றுங்கள்!" என்றார் மகுடவர்மன். அன்று சாயங்காலம் அவர் கழுதைமேல் உட்கார்ந்து ஊர் முழுவதையும் பார்த்தார். முன்னால் நடந்து ஒவ்வொரு இடத்தையும் நிதானமாக விளக்கிச் சொன்னவன் பேச்சிமுத்து.